முதல் வருஷமும் "அனுசரித்துப் போ" என்னும் உபதேசமும்

ஒவ்வொரு வருஷமும் காலேஜுகள் திறக்கும் காலம் வந்துவிட்டால் நம் நாட்டில் உபதேசிகளுக்குப் பஞ்சமே இருப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர், பள்ளிக்கூடத்து உபாத்தியாயர், கோயில் குருக்கள், பத்திரிகைக்காரர், காலேஜ் பிரின்சிபால் ஆகிய எல்லாரும், புதிதாகக் காலேஜில் சேரப்போகும் பிள்ளையைப் பார்த்துச் சொல்லுகிற புத்திமதி ஒன்றே ஒன்றுதான். "அப்பா! புது இடம், புது மனிதர்கள். முதல் வருஷம் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் அனுசரித்துப் போ" என்பதுதான் அது.

கேட்பதற்கு இது வெகு நல்ல புத்திமதி போலவே தோன்றும். ஆனால் தோழர்களே! இந்தப் புத்திமதி யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். தகப்பனும் பாட்டனும் வக்கீலாகவோ, எஞ்சினீயராகவோ, உத்தியோகஸ்தராகவோ இருந்த வீட்டுப் பிள்ளை காலேஜுக்குப் போனால், அவன் எதை அனுசரிக்க வேண்டியிருக்கிறது? அங்கே பேசுகிற பாஷை அவன் வீட்டுப் பாஷை. அங்கே சமைக்கிற சாப்பாடு அவன் வீட்டுச் சாப்பாடு. அங்கே நாற்காலியில் இருக்கும் புரொபசர் அவனுடைய சித்தப்பாவைப் போலவே பேசுகிறார், அநேக இடங்களில் சித்தப்பாவாகவே இருக்கிறார். அவனுக்குக் காலேஜ் என்பது வீட்டின் இன்னொரு அறை. பேரணாம்பட்டில் தோல் பதனிடுகிறவர் மகனோ, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் அம்மையாரின் மகளோ போனால் மாத்திரம், பேச்சு முதல் சோறு வரை, ஊர்ப்பெயர் முதல் உடுப்பு வரை எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளும்படி கேட்கப்படுகிறார்கள். அதாவது, பொதுப் புத்திமதி என்ற பெயரால் சொல்லப்படுகிற இந்தச் சுமை முழுவதும் ஒரு பக்கத்தார் தலையில்தான் ஏற்றப்படுகிறது. அனுசரிக்கப்பட வேண்டியவர்கள் சிலர், அனுசரிக்க வேண்டியவர்கள் பலர் என்பது மனுதர்மத்துக்கு வைத்த புதுப்பெயரேயன்றி வேறென்ன என்று கேட்கின்றோம்.

காலேஜ் வாசற்படியை மிதித்தறியாத உனக்கு இதைப்பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கலாம். மிதிக்காததனால்தான் கேட்கிறோம். மிதித்தவர்களில் பலர் உள்ளே போனதும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

சென்னை சர்வகலாசாலை 1857இல் ஏற்பட்டது. அது ஏற்பட்டு 57 வருஷங்கள் கழித்து, 1914இல், அதன் பதிவு செய்யப்பட்ட பட்டதாரிகள் 650 பேரில் 452 பேர் பார்ப்பனர்களாயிருந்தார்கள். ஜனத்தொகையில் நூற்றுக்கு மூன்று பேராயிருந்தவர்களின் கணக்கு இது. இன்று நிலைமை மாறியிருக்கிறது என்பது வாஸ்தவம்தான். 2021-22இல் மத்திய சர்க்கார் எடுத்த கணக்குப்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயதுவரை உள்ளவர்கள் தொகைக்கு நூற்றுக்கு 47 பேர் மேல்படிப்பில் இருந்தார்கள். இந்தியா முழுவதற்கும் எடுத்தால் நூற்றுக்கு 28தான். இந்த வித்தியாசம் எந்தச் சாமியின் கடாக்ஷத்தாலும் வந்துவிடவில்லை. நீதிக்கட்சியார் காலத்து வகுப்புவாரி உத்தரவு, காமராசர் காலத்துப் பள்ளிக்கூடங்களும் மதியச் சோறும், பின்னால் வந்த இட ஒதுக்கீடு, 2010இல் வந்த முதல் பட்டதாரிச் சலுகை, 2022இல் பெண்பிள்ளைகளுக்கும் 2024இல் ஆண்பிள்ளைகளுக்கும் மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஏற்பட்ட திட்டங்கள் ஆகியவற்றால் வந்தது. அப்படியிருக்க, நம் ஜனங்கள் பிள்ளைக்குக் காலேஜில் இடம் கிடைத்ததும் முதலில் போவது எங்கே? கோயிலுக்கு! பிறகு ராகுகாலம், எமகண்டம் பார்த்து, சரஸ்வதி படத்துக்கு மாலை போட்டு, வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஹாஸ்டலுக்குப் புறப்படுகிறார்கள். ஆயிரக்கணக்கான வருஷங்களாய் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் கைநாட்டுப் பேர்வழிகளாயிருந்தபோது அந்த அம்மாள் எங்கே போயிருந்தாள்? அவளைக் கும்பிடாத ஜப்பான்காரனும் ஜெர்மன்காரனும் படிக்காமலா போய்விட்டான்? பழம் விற்றவனுக்கு லாபம், அவ்வளவுதான்.

நிற்க, அனுசரிப்பது என்று சொல்லப்படுவதில் இரண்டு சங்கதிகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் நாமும் ஏமாறுவோம், பிள்ளைகளும் ஏமாறுவார்கள். மணி அடித்தால் வகுப்பில் இருப்பது, வாசகசாலையில் புத்தகம் தேடி எடுப்பது, தன் துணியைத் தானே துவைத்துக்கொள்வது, கையில் உள்ள பணத்தை மாதக்கடைசி வரை இழுத்துப்பிடிப்பது, வீட்டு ஞாபகத்தை அடக்கிக்கொள்வது ஆகியவை ஒரு சங்கதி. இதைப் பழக்கம் என்று சொல்லலாம். எவனும் கற்றுக்கொள்ளக் கூடியது, கற்றுக்கொள்ள வேண்டியது. இதைப்பற்றி நமக்குச் சச்சரவில்லை. சொந்தப் பெயரையும், தகப்பன் தொழிலையும், தின்கிற சோற்றையும் மறைத்துக்கொண்டு, அடித்தால் வாங்கிக்கொண்டு, கேலி செய்தால் தானும் சேர்ந்து சிரித்துக்கொண்டு இருப்பது இன்னொரு சங்கதி. இதற்கு அடிமைத்தனம் என்பதுதான் பெயர். முதலாவதைச் சாக்காகக் காட்டி இரண்டாவதை நுழைப்பதுதான் உபதேசிகளின் தந்திரம்.

முதல் வருஷத்துக் கஷ்டம் எல்லாம் புது இடத்தால் வருவது என்கிறார்களே, அது மெய்யானால் டாக்டர் அம்பேத்கர் நியூயார்க்கில் திண்டாடியிருக்க வேண்டும். பரோடா மன்னர் கொடுத்த உதவிச் சம்பளத்தில் அவர் 1913இல் கொலம்பியா சர்வகலாசாலைக்குப் போனார். கடல் கடந்த தேசம், அந்நியப் பாஷை, பழகாத குளிர், தெரிந்த முகம் ஒன்றுமில்லை. இருந்தும் அங்கே மற்ற மாணவர்களோடு சமமாக உட்கார்ந்து, சமமாகச் சாப்பிட்டு, 1915இல் எம்.ஏ. தேறினார். பின் லண்டனிலும் படித்துவிட்டு, 1917இல் தன் சொந்தத் தேசத்துக்கு வந்து பரோடாவில் உத்தியோகத்துக்குச் சேர்ந்தபோது, அவருக்குக் குடியிருக்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சிக்காரர் சத்திரத்தில் பார்சிப் பெயரில் தங்கவேண்டி வந்தது. சில நாளில் அதுவும் தெரிந்துபோய், தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். புது இடம் அவரை ஏற்றுக்கொண்டது, பழைய இடம்தான் விரட்டியது. ஆகவே, பிள்ளையைத் திணற அடிப்பது புதுமையா, பழமையா என்பதை உபதேசிகளே சொல்லட்டும்.

இனிச் சோற்றுக்கு வருவோம். ஏனெனில், ஹாஸ்டலில் முதல் அனுசரிப்பு சோற்றுப் பந்தியில்தான் தொடங்குகிறது. நமது இயக்கத்தின் பிறப்புக்கே ஒரு ஹாஸ்டல் பந்திதான் ஒரு காரணம் என்பது பழைய தோழர்களுக்கு ஞாபகமிருக்கும். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தது. தேசபக்தி வளர்க்கிற இடம் என்று சொல்லிப் பொதுப்பணம் வாங்கிய அந்த இடத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தியும் மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தியும் போட்டார்கள். 1924, 1925 வருஷங்களில் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் இதைக் கண்டித்துக் கிளம்பியபோது அவர்களுக்குச் சொல்லப்பட்ட சமாதானம் என்ன தெரியுமா? "அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் விருப்பம் அப்படி, கொஞ்சம் அனுசரித்துப் போகக்கூடாதா?" என்ற தினுசுதான். நல்லவேளையாக அவர்கள் அனுசரிக்கவில்லை.

அது நூறு வருஷத்துக்கு முந்திய கதை என்று யாராவது நினைத்தால், 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்ததைப் பார்க்கட்டும். அங்கே ஹிமாலயா என்னும் சாப்பாட்டுக் கட்டடத்தில் மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு வேறு வாசல், மாமிசம் சாப்பிடுகிறவர்களுக்கு வேறு வாசல், கை கழுவுகிற தொட்டியும் வேறு வேறு என்று தாள் ஒட்டப்பட்டது. அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்து மாணவர்கள் அதை வெளிப்படுத்தி ஊரறியச் செய்த பிறகுதான் தாள் அகற்றப்பட்டது. வாசலில் தாள் ஒட்டினால் சுத்தம், பலகை மாட்டினால் தீண்டாமையா? 2023இல் பம்பாய் ஐ.ஐ.டி. ஹாஸ்டலில் மரக்கறிக்காரருக்கென்று தனி மேஜை ஒதுக்கினார்கள். அந்த மேஜையில் உட்கார்ந்து மாமிசம் சாப்பிட்டு எதிர்ப்புக் காட்டிய ஒரு மாணவனுக்குப் பதினாயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள். ஏழைப் பிள்ளையின் ஒரு வருஷத்துச் சில்லறைச் செலவு அது! பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதற்கு!

ஒருவன் மரக்கறி சாப்பிடுவதைப்பற்றி நமக்கு ஆட்சேபனை இல்லை. அவன் நாக்கு, அவன் இஷ்டம். தன் இலையில் என்ன இருக்கிறது என்பதோடு நிற்காமல், அடுத்தவன் எங்கே உட்காருவது, எந்தக் குழாயில் கை கழுவுவது என்று சட்டம் செய்ய வரும்போதுதான் அது சாதியாகிறது.

வெளியூரைச் சொல்லுவானேன்? நம் ஆம்பூரில் 2022 மே மாதம் நடந்தது என்ன? பிரியாணிக்குப் பேர்போன ஊர் என்று சர்க்காரே மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாகச் சொன்னார்கள். ஆட்டுப் பிரியாணி உண்டு, கோழிப் பிரியாணி உண்டு, மாட்டுப் பிரியாணிக்கு மாத்திரம் அங்கே இடமில்லை என்றார்கள். ஆம்பூரில் ஆதிதிராவிடரும் முஸ்லிம்களும் ஏழை எளியவர்களும் நாள்தோறும் சாப்பிடுகிற சோறு அது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையம் இது பாகுபாடு ஆகாதா என்று கலெக்டருக்கு நோட்டீஸ் அனுப்பியது. கடைசியில் மழை என்று சொல்லித் திருவிழாவையே தள்ளிவைத்துவிட்டார்கள். மேகத்துக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தமோ, நமக்குத் தெரியாது! சொந்த ஊரில், சொந்தத் தெருவில், தன் சோற்றுக்குச் சர்க்கார் பந்தலில் இடமில்லை என்று பார்த்து வளர்ந்த பிள்ளை, ஹாஸ்டலில் "வீட்டில் என்ன சாப்பிடுவாய்?" என்று பக்கத்துக் கட்டில்காரன் கேட்டால் உண்மை சொல்லுமா, பொய் சொல்லுமா? அந்தப் பொய்தான் அது காலேஜில் படிக்கிற முதல் பாடமாகிறது.

சோற்றுக்கு அடுத்தது தொழில். மனுவில் "தகப்பன் தொழில்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அதில் "கூலி" என்றும், "தனியார் கம்பெனி" என்றும், "வியாபாரம்" என்றும் எழுதுகிறார்கள். தோல் பதனிடும் வேலை என்று எழுதக் கை கூசுகிறது. ஏன் கூச வேண்டும்? வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் இந்தத் தொழில் நடக்காவிட்டால், வெளிதேசத்துச் சீமான் காலிலே ஷூ ஏது? சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைத் தூக்கி, மயிர் வழித்து, சதை வழித்து, அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் பின்னால் குரோம் மருந்திலும் போட்டு, அழுகிப்போகிற வஸ்துவை அழுகாத வஸ்துவாக்குகிற வேலை அது. அழுகுவதைத் தடுப்பது ரசாயனம். அதையே கையால் செய்தால் கீழ்ச்சாதி வேலை, சென்னை அடையாற்றில் 1948இல் ஏற்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கண்ணாடிக் குழாயை வைத்துக்கொண்டு செய்தால் விஞ்ஞானம், சர்வகலாசாலையில் நான்கு வருஷம் படித்தால் பி.டெக். பட்டம்! தோல் ஒன்றுதான், நாற்றமும் ஒன்றுதான். தொடுகிறவன் யார் என்பதில்தான் வித்தியாசம்.

மிருதங்கத்துக்கும் தோல்தானே போடுகிறார்கள்? பசுத்தோலும் அதில் உண்டு. அதை வித்வான் மடியில் வைத்துக்கொண்டு தெய்வ வாத்தியம் என்கிறார். அந்தத் தோலைப் பார்த்துப் பொறுக்கி, வார் பிடித்து, கட்டிக் கொடுக்கிறவர்களைப்பற்றி டி.எம். கிருஷ்ணா என்ற பாடகர், அவரும் பார்ப்பனர்தான், "செபாஸ்டியன் அண்டு சன்ஸ்" என்று ஒரு புத்தகம் எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த இடத்தைச் சென்னைக் கலாக்ஷேத்திரம் திருப்பி வாங்கிக்கொண்டது. மிருதங்கம் மேடைக்கு வரலாம், அதைச் செய்தவன் கதை வரக்கூடாது!

இந்தத் தொழிலில் உள்ள கேட்டை நாம் மறைக்கவில்லை. பாலாறு பாழானதைப்பற்றி வேலூர்ப் பொதுமக்கள் வழக்குப் போட்டு, 1996இல் சுப்ரீம் கோர்ட்டு தொழிற்சாலைகளுக்கு அபராதம் போட்டது சரியே. 2015 ஜனவரி 31ஆம் தேதி இரவு ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். வெட்கப்பட வேண்டிய இடம் அதுதான். தொழிலாளியைக் கழிவுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தவன் வெட்கப்படவில்லை. அப்படி இரவு பகல் உழைத்துக் காலேஜுக்குப் பணம் கட்டுகிறவரின் பிள்ளை ஏன் வெட்கப்பட வேண்டும்? மற்றொரு சங்கதியையும் கவனியுங்கள். இந்தத் தோல் சீமையில் முஸ்லிம் பெரியவர்கள் 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா காலேஜை ஏற்படுத்தினார்கள், 1965இல் மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் காலேஜ் ஏற்பட்டது. கிறிஸ்தவப் பாதிரிமார் 1898லேயே வேலூரில் ஊரிஸ் காலேஜை நடத்தினார்கள். பின்னால் ராஷ்டிரபதியான ராதாகிருஷ்ணனே அங்கே படித்தவர்தான். நமது தனவான்களோ கோபுரத்துக்குப் பொன்தகடு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது அனுசரிப்பு அடி வாங்குவது. இதற்கு ராகிங் என்று பெயர். இதை ஆதரிக்கிறவர்கள், புதுப்பிள்ளைகளுக்குக் கூச்சம் தெளியும், பெரிய வகுப்பாரோடு சினேகம் ஏற்படும் என்கிறார்கள். சினேகம் செய்ய ஒருவன் துணியை ஏன் அவிழ்க்க வேண்டும்? 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலை சர்வகலாசாலையைச் சேர்ந்த மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷத்து மாணவன் ஒருவனை மேல்வகுப்பு மாணவன் கொன்றான். கொலையுண்ட பிள்ளை சென்னை சர்வகலாசாலைத் துணைவேந்தரின் மகன். அதன் பிறகு 1997இல் சட்டம் வந்தது. அந்தப் பிள்ளைக்கு நேர்ந்தது மகா கொடுமை. ஆனால் துணைவேந்தர் மகனுக்கே அந்தக் கதி என்றால், எந்தத் துணைவேந்தரையும் தெரியாத வீட்டுப் பிள்ளைகள் அதற்கு முன் எத்தனை வருஷம் எவ்வளவு பட்டிருப்பார்கள் என்பதை யார் கணக்கெடுத்தார்கள்?

சட்டம் வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகு, 2022இல், நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஹாஸ்டலிலேயே புது மாணவர்களை உள்ளாடையோடு ஓடவிட்டுத் தண்ணீர் பீச்சியடித்த படம் வெளியே வந்து தேசமெல்லாம் சிரித்தது. ஏழு மாணவர்கள் நீக்கிவைக்கப்பட்டார்கள், போலீஸ் வழக்கும் பதிவாயிற்று. நோயாளியின் உடம்பைத் தொட்டு வைத்தியம் செய்யப்போகிறவர்கள் இவர்கள்! இந்த வருஷம் வாங்கினவன் அடுத்த வருஷம் கொடுக்கிறான். தனக்குக் கீழே ஒருவன் வருவான் என்ற தைரியத்தில்தான் மேலே உள்ளவன் மிதிப்பதைச் சகித்துக்கொள்ளுகிறான். சாதி இத்தனை காலம் நிலைத்து நிற்பதும் இதே சூத்திரத்தால்தான்.

அதே ஆஸ்பத்திரியைப்பற்றி இன்னொரு கதையும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1918இல் ஐடா ஸ்கடர் அம்மையார் அங்கே பெண்களுக்கு வைத்தியப் பள்ளிக்கூடம் தொடங்கினபோது, பெண்களாவது தேறுவதாவது என்று அதிகாரிகளே நம்பிக்கையில்லாமல் பேசினார்கள். முதல் வருஷப் பரீட்சை வந்தது. மாகாணத்தில் ஆண்பிள்ளைகள் ஐந்தில் ஒருவர் தேற, வேலூரிலிருந்து எழுதிய பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். 1922இல் 14 பெண்கள் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். இவர்களுக்கு மூளை திடீரென்று முளைத்ததா? இடமும், சொல்லிக்கொடுக்க ஆளும், உன்னால் ஆகும் என்கிற மரியாதையும் கிடைத்தன.

இதைச் சொல்லுவது எதற்கென்றால், இப்போது முதல் வருஷத்து வகுப்பில் சாதி கேட்கிற தினுசே மாறிவிட்டது. "நீ என்ன சாதி?" என்று கேட்டால் குற்றம். ஆகையால் "உன் ராங்க் என்ன? எந்தக் கோட்டாவில் வந்தாய்?" என்று கேட்கிறார்கள். 2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கினதும், அந்தப் பிள்ளைகளுக்கும் இதே கேள்வி. தகுதி, திறமை என்று பேசுகிறவர்கள் பழைய வழக்கு ஒன்றை மறந்துவிட வேண்டாம். வகுப்புவாரி உத்தரவால் மருத்துவப் படிப்பு போய்விட்டது என்று சென்னை ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டு, 1950இல் அந்த உத்தரவையே செல்லாமல் அடித்தவர், அந்தப் படிப்புக்கு மனுவே போட்டிருக்கவில்லை என்பது பிற்பாடு சுப்ரீம் கோர்ட்டில் வெளியாயிற்று. மனுப் போடாமலே இடம் போய்விட்டது என்று அழலாம், அதற்குக் கோர்ட்டும் காது கொடுக்கும்! பெரியாரும் தமிழ்நாடும் கிளர்ந்தெழுந்த பிறகுதான் 1951இல் அரசியல் சட்டம் முதல்முறையாகத் திருத்தப்பட்டது. நம் பிள்ளை உட்கார்ந்திருக்கும் பெஞ்சு அப்படி வாங்கப்பட்டது. இரவல் பெஞ்சு அல்ல.

இங்கிலீஷைப்பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்த பிள்ளைக்குக் காலேஜில் முதல் மாதம் காது கேட்கிறது, கருத்து விளங்குகிறதில்லை. வாயைத் திறந்தால் சிரிப்பார்களே என்று பின் பெஞ்சில் ஊமையாக உட்காருகிறது. இங்கிலீஷ் ஒரு ஆயுதம், அதைக் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் நமது அபிப்பிராயம். ஆனால் அது அறிவின் அளவுகோலாகாது. லண்டனில் பிச்சை எடுக்கிறவனும் இங்கிலீஷ்தான் பேசுகிறான். கணக்கில் கெட்டிக்காரியான பெண்ணை, உச்சரிப்புப் பிசகினதற்காக மக்கு என்று ஒரு புரொபசர் நினைத்தால், மக்கு யார்? தப்பாகப் பேசியே தீரவேண்டும். தப்பாகப் பேசாமல் எவனும் எந்தப் பாஷையையும் கற்றதில்லை.

பார்ப்பனரை மாத்திரம் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. "ஆண்ட பரம்பரை" என்று சட்டையில் எழுதிக்கொண்டும், மணிக்கட்டில் கலர் கலராய்ச் சாதிக் கயிறு கட்டிக்கொண்டும் வருகிறவர்கள் பார்ப்பனர்களா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படிக்கிற ஆதிதிராவிட மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவனோடு படித்த பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதன் பின் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு குழு, 2024இல், பள்ளிகளில் இந்தக் கயிறுகளையே தடுக்க வேண்டும் என்று சொல்லிற்று. அப்படிச் சொன்னதற்கு எத்தனை பேருக்குக் கோபம்! பார்ப்பானிடம் பூணூல் இருக்கக்கூடாது என்று மேடையில் பேசுகிறவர், வீட்டில் மகன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பாராக. அந்தக் கயிறு காலேஜுக்கும் போகிறது, ஹாஸ்டலில் அறை பங்கு போடுகிறது, கூட்டாளியைப் பொறுக்குகிறது.

பெண்பிள்ளைகளுக்கோ அனுசரிப்பு இரட்டிப்பு. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் புதுக்கோட்டை மகாராஜா காலேஜில் சேர மனுப் போட்டபோது, தாயார் தேவதாசி குலத்தவர் என்பதைச் சொல்லி, இந்தப் பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று கூச்சல் போட்டார்கள். மன்னர் உத்தரவால் இடம் கிடைத்தது. ஆனாலும் மூடு வண்டியில் போய், திரை மறைவில் உட்கார்ந்துதான் பாடம் கேட்கவேண்டியிருந்தது. கெட்டுப்போவார்கள் என்று பயந்தது பையன்களைப்பற்றி, திரை போட்டது பெண்ணுக்கு! அந்தப் பெண் 1912இல் சென்னையில் வைத்தியப் பட்டம் பெற்று, சட்டசபைக்கும் போய், 1947இல் தேவதாசி முறையே சட்டப்படி ஒழியக் காரணமாயிருந்தார். அவர் அனுசரித்துப் போயிருந்தால் திரை இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்.

உபதேசத்துக்குப் பதில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1916 வாக்கில், சென்னைக்குப் படிக்கவந்த பார்ப்பனரல்லாத பிள்ளைகளுக்குத் தங்க இடமும் சோறும் கிடைக்காமல் திண்டாடினதைப் பார்த்த டாக்டர் நடேச முதலியார், அவர்களைக் கூப்பிட்டு அனுசரித்துப் போங்கள் என்று பிரசங்கம் செய்யவில்லை. திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்று ஒரு விடுதி திறந்தார். நம் தோழர்கள் ஊர்தோறும் விடுதி கட்ட முடியாமற் போகலாம். தன் தெருவிலிருந்து இந்த வருஷம் யார் யார் காலேஜுக்குப் போகிறார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிவைக்கக் கூடாதா? வேலூரிலோ, திருவள்ளுவர் சர்வகலாசாலை இருக்கும் சேர்க்காட்டுப் பக்கத்திலோ குடியிருக்கிற தோழர், முதல் வாரத்தில் ஒருநாள் அந்தப் பிள்ளையைப் போய்ப் பார்த்து, ஒரு வேளைச் சோறு போட்டு, உதவிச் சம்பள மனுவை எழுதிக்கொடுக்கக் கூடாதா? பட்டம் வாங்கி உத்தியோகத்தில் இருக்கிற நம்மவர்கள், தாங்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தோம் என்பதை வகுப்பில் வாய் திறந்து சொன்னால், பின் பெஞ்சில் இருக்கிற பிள்ளைக்கு அதுவே பாதி தைரியமாயிருக்கும்.

பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பிள்ளை தொலைபேசியில் அழுதால், "எல்லாரும் படுகிறதுதான், பொறுத்துக்கொள்" என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். என்ன நடந்தது, யார் செய்தது, எந்தத் தேதி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 1997ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி ராகிங் செய்தவனுக்கு இரண்டு வருஷம் வரை சிறையும் பதினாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தண்டனை பெற்றவனை அந்தக் காலேஜ் வெளியேற்ற வேண்டும், வேறு காலேஜிலும் சேர்க்கக்கூடாது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் செய்த விதிப்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் காலேஜ் தலைவர் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். சாதியைச் சொல்லி இழிவு செய்தால் அதற்கு 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனியே இருக்கிறது. சேருகிறபோது காலேஜில் உங்களிடம் கையெழுத்து வாங்குகிற ராகிங் உறுதிமொழிக் காகிதத்தைப் படிக்காமல் கொடுக்காதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், ஒரு நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். காசில்லாமல் கூப்பிடக்கூடிய ராகிங் தடுப்புத் தொலைபேசி எண் 1800-180-5522. பிள்ளை சொல்லப் பயந்தால் நீங்களே கூப்பிடலாம்.